ஓட்டம் போன இடம்

கியர் விழாத காரில் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டமெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று நீங்கள் எப்போதாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லைதான். அடுப்பு எரிந்தால் உலை கொதிக்க வேண்டும், கொதிக்கவில்லை என்றால் பானை ஓட்டை என்று அர்த்தம், அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடாது. ஆனால் காற்று செத்துக் கிடந்த ஒரு மாசி மாதத்தில் எங்கள் உப்போடைப்பட்டிக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துபோனது, தெரிந்தபிறகு அந்தப் பதிலோடு குடித்தனம் நடத்தவும் ஊர் பழகிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கார் என் கொழுந்தன் உச்சிமாகாளியுடையது. அவன் டிரைவராக இருந்த பஞ்சு மில் முதலாளி இறந்துபோக, மகன்மார் வெளிநாட்டிலிருந்து வந்து, அழுது, மில்லைப் பூட்டி, ஷெட்டில் நின்ற காரைக் காட்டி "இதை நீயே வச்சுக்கோ மாகாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பாலாடை நிறம், உள்ளே சிவப்புத் தோல் சீட், கிளட்ச் மிதியே கிடையாது, கியர் தன்னால் மாறிக்கொள்ளும். என்னைவிட வயதில் மூத்தது. சுற்றுப்பட்டியில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அதில்தான் வருவார். ஊரில் பாதிப் பேர் சொந்தக் கல்யாணத்தைவிட அந்தக் காரில் உட்கார்ந்ததைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் உட்பட.

மாகாளியின் பெண்டாட்டி இசக்கிராணிக்கு அன்றைக்கு வளைகாப்பு. தெருவையே அடைத்துப் பந்தல், ஏழு வகைச் சோறு, இரண்டு கையிலும் முழங்கைக்குக் கீழே வரைக்கும் கண்ணாடி வளையல். சந்தனம் பூசுகிற சாக்கில் நான் குனிந்தபோது அவள் என் காதில் சொன்னாள்.

"யக்கா, காலையிலிருந்து அசையவே இல்ல."

"ஏழு சோத்தையும் தின்னுட்டு மயங்கிக் கிடக்கும். இந்தா, பனங்கற்கண்டைப் போடு வாயில, குதிக்கும் பாரு" என்றேன்.

போட்டாள். குதிக்கவில்லை. குலவைச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. சடங்கு முடிந்து அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வாசலுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வளையல் பூட்டி மடி நிறைத்துப் புருஷன் வீட்டு வாசற்படியை விட்டு இறங்கிய பிள்ளைத்தாய்ச்சி, கையில் பிள்ளையோடுதான் அந்தப் படியைத் திரும்ப ஏறவேண்டும். செருப்பை மறந்து விட்டுவிட்டு வந்தாலும் வெறுங்காலோடு போகவேண்டியதுதான். ராணி இறங்கினாள், காரின் பின் சீட்டில் உட்கார்ந்தாள், மாகாளி எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்துவிட்டு இஞ்சினைப் போட்டான், கியரைத் தள்ளினான், மிதித்தான். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. இஞ்சின் உறுமுகிறது, கார் நின்ற இடத்தில் நிற்கிறது. இன்னும் மிதித்தான். அடியிலிருந்து தீய்ந்த வாடையோடு எண்ணெய் சொட்டியது. அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு மூலையில் கவிழ்த்து வைத்திருந்த திருகைக் கல் தானாகப் புரண்டு நிமிர்ந்து கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. எதிர்வீட்டுத் தையல் மெஷினின் சக்கரம் சுற்றியது. தெருக்கோடிக் கிணற்றுச் சகடை கயிறோடு சுற்றி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அந்தரத்தில் வைத்திருந்தது. ஊருக்கு மேற்கே காற்றில்லாமல் மூன்று இறக்கையையும் விரித்துக்கொண்டு நின்ற காற்றாலை, ஒரு இலைகூட அசையாத அந்த மத்தியானத்தில், மெல்ல, மிக மெல்ல, சுற்றத் தொடங்கியது. ராணியின் கையில் அத்தனை வளையலும் தன்னால் கலகலவென்று சுற்றின. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா! அசையுதுக்கா! சுத்தி சுத்தி வருது!"

என் மாமியார், எங்கள் அத்தை, கையெடுத்துக் கும்பிட்டாள். குலவை மறுபடி எழும்பியது. மாகாளி இஞ்சினை அணைத்தான். கல் நின்றது, வளையல் நின்றது, வாளி தண்ணீரோடு தொபுக்கென்று விழுந்தது. ராணியின் சிரிப்பும் அந்த வாளியோடு போனது. "போடுங்க, போடுங்க, அணைக்காதீங்க" என்று அவள் கத்திய கத்தில் மாகாளி மறுபடி சாவியைத் திருப்பினான். அதற்குப் பிறகு அந்த இஞ்சினை யாரும் அணைக்கவில்லை.

அவள் இறங்க மறுத்துவிட்டாள். வீட்டுக்குள் போகவும் முடியாது, படி இறங்கியாயிற்று. வேறு வண்டியில் தாய்வீடு போகவும் மாட்டாள். ஆகவே எங்கள் வீட்டு வாசலில், பந்தலைப் பிரிக்காமல், அந்தக் காரிலேயே அவள் குடியிருந்தாள். தோல் சீட்டில் பழைய சேலையை மெத்தையாக விரித்தேன். மறைப்புக்கு நாலு பக்கமும் தென்னந்தட்டி கட்டினோம். கதவைத் திறந்து வைத்துச் சோறு ஊட்டினேன். கல்யாணத்துக்கு மட்டும் வாய்க்கிற சீட்டில் குடித்தனமே நடத்துகிறாள் என்று பெண்கள் கேலி பேசினார்கள், அவளும் சிரித்தாள், உள்ளே பிள்ளை சுற்றிக்கொண்டிருந்தது.

டவுனிலிருந்து மெக்கானிக் ஜெபராஜ் வந்தார். காருக்கு அடியில் படுத்து எழுந்து, கறுத்துப்போன எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து, "கியர் பெட்டி செத்துப்போச்சு" என்றார்.

"அப்ப இதெல்லாம் சுத்துதே, அது எப்படி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

ஜெபராஜ் திருகைக் கல்லைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், காற்றாலையைப் பார்த்தார். "இஞ்சினோட ஓட்டம் சக்கரத்துக்குப் போக வழியில்லேன்னா கிடைச்ச வழியில போகத்தான செய்யும்? பழைய பெட்டி எங்கயாச்சும் கிடைக்குதான்னு தேடிட்டு வாரேன்" என்று, தண்ணீர்க் குழாய் அடைப்பைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஊர் சும்மா இருக்குமா? முதலில் பக்கத்து வீட்டுக்காரி உடைக்காத உளுந்தோடு வந்தாள். "ஓடுற கல்லுதான, ஒரு கை போட்டுக்கிடுதேன்." அடுத்த நாள் தெருவே ஆட்டுரலைத் தூக்கிக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் போட்டது. கரண்டு போகிற நேரமெல்லாம் எங்கள் வாசலில்தான் மாவு. ஆழ்குழாய் மோட்டார் கரண்டு இல்லாமலே சுற்றித் தண்ணீர் தள்ளியது. பல வருஷமாகக் காய்ந்து கிடந்த மேலத்தெருத் தொட்டி நிரம்பி வழிந்தது. கீழத்தெருக்காரர்கள் தங்கள் பக்கம் ஓட்டம் குறைவாக வருகிறது என்று சண்டைக்கு வந்தார்கள், ஊர்த் தலைவர் பஞ்சாயத்துப் பண்ணி, காரை ஆளைவிட்டுத் தள்ளித் தெருவுக்கு நடுவில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த, கயிறு திரிக்கிற வேலாண்டியை அவர் மகள் பிச்சம்மா கட்டிலோடு தூக்கி வந்து காருக்குப் பக்கத்தில் போட்டாள். செத்துக் கிடந்த அவருடைய வலது கை எழும்பி, இல்லாத கயிறைக் காற்றில் திரிக்க ஆரம்பித்தது. பிச்சம்மா அந்தக் கையில் தேங்காய் நாரைக் கொடுத்தாள். கயிறு வந்தது. நல்ல கயிறு. கிழவரின் முகம் மட்டும் எதையும் அறியாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

டீசலுக்கு முறை வைத்தார்கள், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முறை வைக்கிற மாதிரி. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு. டிராக்டரில் இருந்து உறிஞ்சி, தண்ணீர் இறைக்கிற இஞ்சினில் இருந்து வடித்து, கேனும் செம்புமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊற்றும்போது ஒவ்வொருவரும் ராணியின் வயிற்றைப் பார்த்து "நல்லா இரும்மா" என்று சொல்வார்கள், சொல்லிக்கொண்டே ஒரு கண்ணால் ஆட்டுரலில் அவர்கள் மாவு அரைந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். இட்லி பூப்போல வந்தது, பொய் சொல்வானேன். வேப்பமரத்து இலையெல்லாம் புகையில் கறுத்தது, என் மகள் செண்பகம் இருமினாள், அவளைக் கூட்டிப்போய்ப் பின்கட்டில் படுக்க வைத்துவிட்டு வந்து மறுபடி மாவைத் தள்ளினேன்.

சுகாதார நிலையத்து சிவகாமி நர்சம்மா வந்ததும்தான் எனக்குக் கை நின்றது. அவர் ராணியின் வயிற்றில் கருவியை வைத்து நாலு இடத்தில் கேட்டார். ஐந்தாவது இடத்தில் கேட்டார். பிறகு என்னைத் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"துடிப்பு இல்ல. உடனே பெரியாஸ்பத்திரி போகணும். உள்ள இருக்கிறதை எடுக்கணும், இல்லேன்னா அவளுக்கு விஷமாயிரும்."

அத்தை கேட்டுவிட்டாள். "என்ன பேச்சு பேசுதீக? கையை வச்சுப் பாருங்க தாயி. அசையுதா இல்லையா?"

நர்சம்மா கையை வைத்தார். அசைந்தது. அவர் முகம் வெளுத்தது. "ஒரு நிமிஷம் அந்த இஞ்சினை அணைங்க" என்றார். தெருவே ஓவென்று கத்தியது. தலைவர் குறுக்கே வந்தார். "நர்சம்மா, ஓடுறதை அணைச்சுப் பாத்துட்டு நின்னுபோச்சுன்னு சொல்லுவீக. ஓடுற உங்க நெஞ்சை நான் ஒரு நிமிஷம் பிடிச்சு நிப்பாட்டிப் பாக்கவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் இருந்தது.

ஆனாலும் நர்சம்மா விடவில்லை, ஆம்புலன்சை வரவழைத்தார். மாகாளி ராணியைத் தூக்கி அதில் படுக்கவைத்தான், நானும் ஏறினேன். ஊர் எல்லை ஓடைப்பாலம் வரைக்கும் வளையல்கள் சுற்றிக்கொண்டே வந்தன. பாலத்தின் மேல் ஏறியதும் மெதுவாகி, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, நின்றன. ராணி எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. கதவைத் திறந்து ஓடுகிற வண்டியிலிருந்து காலை வெளியே விட்டாள். நான் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். வண்டி நின்றது, திரும்பியது. ஊர் எங்களைத் திருவிழா வரவேற்பு மாதிரி வரவேற்றது. "நாங்கதான் சொன்னோம்ல" என்றார்கள். அன்றைக்கு மட்டும் முறை இல்லாத வீடுகளிலிருந்தும் டீசல் வந்தது.

அந்த வாரக் கடைசியில் ராணிக்கு உடம்பு கொதித்தது. சோறு இறங்கவில்லை. காருக்குள் டீசல் வாடையை மீறி வேறொரு வாடை வர ஆரம்பித்தது. சாம்பிராணி போட்டேன், வேப்பிலை செருகினேன், போகவில்லை. பெண்கள் கேலி பேசுவது நின்றது. மாவரைக்க வந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அரைத்தார்கள். அரைப்பதை நிறுத்தவில்லை.

ஜெபராஜ் திரும்பி வந்தார், வாடகை வேனில் பழைய கியர் பெட்டியும் தூக்குச் சங்கிலியுமாக. தலைவர் தெருமுனையிலேயே மறித்தார்.

"கெட்டுப்போனதைச் சரிபண்ணுறது தொழிலு. நல்லா ஓடுறதை என்னத்துக்குய்யா கழட்டணும்?"

"வண்டிக்காரர் சொன்னாரு, கொண்டாந்தேன்."

"இது இப்ப வண்டிக்காரன் சொத்தில்ல. ஊர்ச் சொத்து. ஒரு பிள்ளையோட உசிரு ஓடுது இதுல."

மாகாளி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஒருவாரமாக அவன் அங்கேயேதான் இருந்தான். பெண்டாட்டி சொன்னால் அணைப்பேன், மற்ற யார் சொன்னாலும் அணைக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

நான் கஞ்சியோடு பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். ராணி என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே அது சுற்றியது. ஒரே பக்கமாக, ஒரே சீராக, வெளியே ஆட்டுரல் சுற்றுகிற அதே திசையில்.

"யக்கா, உன் பிள்ளை வயித்துக்குள்ள எப்படி இருந்துச்சு?"

"அதா? சொன்ன பேச்சு கேக்காது. நான் படுத்தா உதைக்கும், நடந்தா தூங்கும். எங்க அத்தை கையை வச்சா வேணும்னே அசையாது. இப்பவும் அப்படித்தான, உனக்குத் தெரியாதா அவளை."

ராணி சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. முன்னால் இருந்த புருஷனிடம், "என்னங்க, லேசா மிதிங்க" என்றாள். அவன் மிதித்தான். அவள் வயிறு வேகமாகச் சுற்றியது. "விடுங்க." மெதுவானது. "மிதிங்க." வேகமானது.

"பாத்தியாக்கா? மிதிச்ச அளவுக்குச் சுத்துது, விட்ட அளவுக்கு நிக்குது. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை எங்கயாச்சும் உண்டாக்கா?"

ஊருக்கே பதில் சொல்லுகிறவள் நான். அவள் வயிற்றில் கையை வைத்தபடி, கஞ்சி ஆறிப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

"முத நாளே தெரியும்" என்றாள். "தெரிஞ்சும் விட மனசில்ல. அசையுதேன்னு இருந்துட்டேன். இப்ப வேலாண்டித் தாத்தா கையைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அந்தக் கை அவருக்குச் சொந்தமில்லாமத் திரிச்சுக்கிட்டு இருக்கு. எம்பிள்ளையும் அப்படிக் கிடக்க வேண்டாம்." தட்டி இடுக்கு வழியாக எங்கள் வாசற்படியைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணுக்கா. வெறுங்கையோட நான் எப்படி அந்தப் படி ஏறுவேன்?"

"படிதான உனக்குத் தடை?" என்றேன். "நீ போயிட்டு வா. நீ வாரதுக்குள்ள அந்தப் படியைக் கடப்பாரையை வச்சுப் பேத்து ஓடையில போட்டுட்டு மண்ணைக் கொட்டி மட்டமாக்கிருதேன். படியே இல்லாத வீட்டுல ஏறுறது என்ன, இறங்குறது என்ன?"

அவள் கதவைத் திறந்தாள். அந்த உடம்போடு இறங்கித் தெருவில் நின்றாள். கையில் வளையல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லார் கையும் மாவில் நின்றது.

"மெக்கானிக்கண்ணே, பெட்டியை மாத்துங்க. என்னை இந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வேற எதுலயும் நான் ஏற மாட்டேன்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராணி அவரைப் பார்த்தாள். "உங்க வீட்டு மாவு இன்னும் அரையலையா மாமா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிச்சம்மாதான் ஓடிவந்து காலில் விழுந்தாள். "ராணி, எங்கய்யா கை..." ராணி அவளைத் தூக்கி நிறுத்தி, "தாத்தா கையில இருக்கிற கயிறு முடியட்டும். அரைக்கிறவங்க அரைச்சு முடிச்சுக்கிடுங்க. நான் இருக்கேன்" என்று வேப்பமரத்தடிக் கயிற்றுக்கட்டிலில் போய்ச் சாய்ந்தாள்.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், அரைத்தார்கள். அழுதுகொண்டே அரைத்தார்கள். மிச்ச உளுந்தை, மிச்ச அரிசியை, யாரும் யாரையும் பார்க்காமல் அள்ளிப் போட்டு, அரைந்ததை வழித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் வேலாண்டியின் கயிறு முடிந்தது. பிச்சம்மா அதைச் சுருட்டி ராணியின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனாள். ராணி தலையை ஆட்டினாள், மாகாளி சாவியைத் திருப்பினான்.

ஒரு வாரமாக ஓடிய சத்தம் நின்றதும் ஊர் காது அடைத்துப்போன மாதிரி ஆனது. காற்றாலையின் இறக்கை நின்றது. தாத்தாவின் கை கட்டிலில் விழுந்தது. ராணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வளையல் ஒன்றும் அசையவில்லை. ஜெபராஜ் வேப்பங்கிளையில் சங்கிலியை மாட்டிச் செத்துப்போன பெட்டியை இறக்கினார், கொண்டுவந்ததை ஏற்றினார், போல்டுகளை முடுக்கினார், சிவப்பு எண்ணெயை ஊற்றினார். ஒரு போல்டு கை தவறி விழுந்தபோது கெட்ட வார்த்தை சொல்ல வாயெடுத்து, கட்டிலைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். அத்தை படியில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்து, "அம்மா, கொஞ்சம் எந்திரி" என்றார்.

வெயில் தாழ்வதற்குள் வேலை முடிந்தது. செண்பகத்தை அத்தை இடுப்பில் கொடுத்துவிட்டு நான் ராணியைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்து அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது. மாகாளி இஞ்சினைப் போட்டான். திருகை சுற்றவில்லை. காற்றாலை சுற்றவில்லை. என் கை அவள் வயிற்றில் இருந்தது, அங்கேயும் ஒன்றுமில்லை. அவன் கியரைத் தள்ளினான். கார் ஒரு தரம் குலுங்கி, ஒரு வாரமாக நின்ற பள்ளத்திலிருந்து எழும்பி, தெரு மண்ணில் நகர்ந்தது. பின்னால் படியைப் பெயர்க்கிற சத்தம் ணங் ணங்கென்று கேட்டுக்கொண்டே வந்தது.

"விரட்டுப்பா, சீக்கிரம் விரட்டு" என்றேன் நான்.

ராணி கண்ணைத் திறந்தாள். காருக்கு அடியில் சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டாள். கையை நீட்டி, முன் சீட்டில் இருந்த புருஷனின் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, மெல்லப் போங்க. பிள்ளை இப்பத்தான நடக்கப் பழகுது."